வண்டி ஹீட்டரில் கருகல் வாடையா? மலைப்பகுதி விவசாயிகள் கண்டுபிடிக்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விடியற்காலைப் பனி புல்லை வெள்ளையாக்கிவிடும். அந்த நேரத்தில்தான் கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டிகள் இறங்குகின்றன. கை விறைக்கும் குளிரில் ஹீட்டரைப் போடாமல் ஓட்ட முடியாது. கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கவும் ஹீட்டர்தான் வேண்டும்.

பல மாதம் தொடாமல் கிடந்த ஹீட்டரைப் போட்டதும் சில வண்டிகளில் ஒரு கருகல் வாடை அடிக்கும். சிலர் "தூசி, போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். சிலர் பயந்துபோய் குளிர்காலம் முழுக்க ஹீட்டரையே தொடமாட்டார்கள். இரண்டும் சரியல்ல. அந்த வாடை வெறும் தூசியாகவும் இருக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. உங்கள் மூக்கும், பத்து இருபது நிமிட நேரமும், ஒரு டார்ச் லைட்டும் போதும்.

ஹீட்டருக்குள் நெருப்பு கிடையாது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டீசல், பெட்ரோலில் ஓடும் சாதாரண கார், ஜீப், பிக்கப் வண்டிகளின் ஹீட்டரில் வீட்டு வாட்டர் ஹீட்டரில் இருப்பதுபோல் சூடேறும் காயில் பொதுவாக இருக்காது. இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூடேறிய கூலன்ட் தண்ணீரில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் வந்து போகிறது. அதன்மேல் புளோயர் எனப்படும் சிறிய மின்விசிறி காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றுதான் சூடாக உங்கள் கால்பக்கமும் கண்ணாடிப் பக்கமும் வருகிறது.

அந்தத் தண்ணீரின் சூடு சுமார் 90 டிகிரி செல்சியஸ். குளித்தால் வெந்துவிடும் சூடுதான். ஆனால் துணியையோ பிளாஸ்டிக்கையோ கருக்கும் சூடு அல்ல. ஆகவே கருகல் வாடை வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். அது நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கலாம்:

- காற்று வரும் வழியில் கிடக்கும் தூசி, இலை, எலிக்கூடு
- புளோயர் மோட்டாரும் அதன் ஒயரும்
- குட்டி ரேடியேட்டரில் கூலன்ட் கசிவு
- இன்ஜின், பிரேக், கிளட்ச், சைலன்சர் பக்கத்திலிருந்து உள்ளே இழுக்கப்படும் வாடை

நான்காவதுதான் பலர் நினைத்துப் பார்க்காதது. ஹீட்டர் வெளிக்காற்றை முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கிறது. அந்த இடம் பானெட்டை ஒட்டியே இருப்பதால், இன்ஜினில் எது தீய்ந்தாலும் அது ஹீட்டர் வழியாகத்தான் உங்கள் மூக்குக்கு வரும். பழி ஹீட்டர் மேல் விழும். கோளாறு வேறு எங்கோ இருக்கும்.

வாடை வந்த அந்த நிமிடத்தில்

ஓடிக்கொண்டிருக்கும்போது வாடை வந்தால் முதலில் புளோயரை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். வளைவு இல்லாத, பின்னால் வரும் வண்டிக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுங்கள். பிரேக்கே கோளாறாக இருந்தால் உங்களைக் காப்பது அந்தக் கல்தான்.

டேஷ்போர்டிலிருந்தோ பானெட்டிலிருந்தோ புகை தெரிந்தால் சாவியை அணைத்து எல்லோரும் இறங்கிவிட வேண்டும். புகை இல்லை, வாடை மட்டும்தான் என்றால் நிதானமாகத் தேடலாம்.

எந்த வாடை, எங்கிருந்து?

கருகல் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வாடை உண்டு. அடுப்படியில் பால் தீய்ந்ததா, சோறு அடிப்பிடித்ததா என்று முற்றத்திலிருந்தே சொல்பவர்கள் நாம். அதே மூக்கை இங்கேயும் பயன்படுத்துங்கள்.

*புழுதி காந்துகிற வாடை:* சீசனில் முதல்முறை ஹீட்டர் போட்டதும் வந்து, சிறிது நேரம் ஓடியதும் குறைந்து, இரண்டொரு நாளில் மறைந்தால் அது தூசிதான். பயப்பட வேண்டாம்.

*முடி அல்லது சாக்கு பொசுங்கும் வாடை:* எலிக்கூடு, காய்ந்த இலை, சாக்கு நார் ஆகியவை சூடான இடத்தில் ஒட்டியிருக்கின்றன.

*ஒயர், பிளாஸ்டிக் தீயும் காரமான வாடை:* மின்சாரக் கோளாறு. கண் எரியும், தொண்டை கமறும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

*இனிப்பான, பாகு காய்ச்சுவது போன்ற வாடை:* கூலன்ட் கசிகிறது.

*எண்ணெய் தீயும் வாடை:* இன்ஜின் ஆயில் சூடான சைலன்சர் குழாய்மேல் சொட்டுகிறது.

*ரப்பர் தீயும் வாடை, கூடவே கீச் சத்தம்:* பேன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.

*காகிதமும் இரும்பும் சேர்ந்து தீய்ந்ததுபோல் மூக்கைத் துளைக்கும் வாடை:* இறக்கத்தில் வந்தால் பிரேக். ஏற்றத்தில் வந்தால் கிளட்ச்.

*அழுகிய முட்டை வாடை:* பேட்டரிக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

வீட்டு வாசலில் செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

இதை விடியற்காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுச் செய்யவே கூடாது.

சோதனை 1: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல். சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். வெப்பத் திருகைக் குளிர் பக்கம் திருப்புங்கள். புளோயரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு வேகத்திலும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இன்ஜினில் சூடு இல்லை, கூலன்டிலும் சூடு இல்லை. இந்த நிலையிலும் கருகல் வாடை வந்தால் அது புளோயர் மோட்டார் அல்லது அதன் ஒயர் வழியில்தான். வேறு எங்கும் தேட வேண்டாம், சாவியை அணைத்துவிடுங்கள்.

சோதனை 2: இன்ஜின் ஓட, வெளிக்காற்று உள்ளே வர. முதல் சோதனையில் வாடை இல்லையென்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். வெப்பத் திருகு குளிர் பக்கமே இருக்கட்டும். காற்று வெளியிலிருந்து வரும்படி வையுங்கள். இன்ஜின் சூடேறச் சூடேற வாடை வருகிறதா? வந்தால், காருக்குள் வளைந்த அம்பு போட்ட பொத்தானை அழுத்துங்கள். அது வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்ற வைக்கும். வாடை குறைந்தால் கோளாறு இன்ஜின் பக்கம்; ஆயில், பெல்ட், எலிக்கூடு என்று பானெட்டுக்குள் தேட வேண்டும்.

சோதனை 3: வெளிக்காற்றை அடைத்து, வெப்பம் முழுதாக. அந்தப் பொத்தான் அழுத்தியபடியே இருக்க, வெப்பத் திருகைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். இப்போதுதான் வாடை வருகிறது என்றால் அது குட்டி ரேடியேட்டர் பக்கம். புழுதி வாடை என்றால் தூசி. இனிப்பு வாடை என்றால் கூலன்ட்.

சோதனை 4: ஓட்டிப் பார்த்து. நின்ற இடத்தில் எதுவும் இல்லை, மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் வருகிறது என்றால் கிளட்ச், பிரேக்கைப் பாருங்கள். முதலில் சுமை இல்லாமல் சமவெளியில் ஓட்டிப் பாருங்கள்; லோடு ஏற்றிக்கொண்டு சோதனை செய்யாதீர்கள்.

இலையும் எலியும்

தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தடியில், தைல மரத்தடியில் வண்டியை நிறுத்துவது நம் வழக்கம். முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் சல்லடை வழியாக இலைத்தூள் உள்ளே போய் புளோயர் விசிறியில் சிக்கும். விசிறி கனத்து, மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். காற்று குறைவதால் சூடும் வெளியேறாது. வெறும் இலைக்குப்பையாக இருந்தது இப்படித்தான் மின்கோளாறாக மாறுகிறது. புளோயர் ஓடும்போது சரசரவென்று சத்தம் கேட்டால் இலை இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது எலி. உருளைக்கிழங்கு மூட்டையும் தீவனமும் வைக்கும் ஷெட்டில் வண்டி நின்றால் குளிருக்கு எலி இன்ஜின் சூட்டைத் தேடி வரும். சாக்கு நாரையும் வைக்கோலையும் இழுத்துவந்து கூடு கட்டும். அது சைலன்சர் குழாயைத் தொட்டால் பொசுங்கும். காற்று பட்டால் பற்றவும் செய்யும். ஒயரின் மேல்தோலைக் கடித்து வைத்தால் பிறகு எப்போதாவது ஷார்ட் ஆகும்.

கூட்டைக் கண்டால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். எலி சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும். கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, கூட்டின்மேல் கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகு எடுத்து அப்புறப்படுத்துங்கள். காய்ந்தபடியே ஊதித் தள்ளினால் அந்தத் தூசி உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும். எடுத்தபின் அந்த இடத்தில் ஓடும் ஒயர்களை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பல வண்டிகளில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் கேபின் பில்ட்டர் இருக்கும். கழற்றித் தட்டிப் பாருங்கள். கறுத்து, ஈரவாடை அடித்தால் மாற்றிவிடுங்கள்.

மின்சாரக் கோளாறு: பியூஸோடு விளையாட வேண்டாம்

திருகி வேகம் மாற்றும் புளோயரில், குறைந்த வேகங்களுக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ரெசிஸ்டர் என்ற சிறு பாகம் இருக்கும். முழு வேகத்தில் மட்டும் மின்சாரம் அதைத் தாண்டி நேராகப் போகும். எனவே உங்கள் வண்டியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகம் வேலை செய்யாமல் முழு வேகம் மட்டும் ஓடினால், பெரும்பாலும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்தப் பாகம் சூடேறக்கூடியது என்பதால்தான் புளோயர் காற்று படும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். இலை அடைத்துக் காற்று நின்றால் அது தீயும். அதன் கனெக்டர் பழுப்பாகவோ உருகியோ இருந்தால் ரெசிஸ்டரோடு கனெக்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய உருகிய கனெக்டரில் புதிய ரெசிஸ்டரைச் செருகினால் மறுபடியும் தீயும்.

பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. பியூஸ் போவது கோளாறு அல்ல. கோளாறு இருக்கிறது என்று சொல்லும் சேதி அது. அதை அடைத்துவிட்டால் அடுத்துத் தீய்வது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயர்தான். பழைய பியூஸில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர்தான் போட வேண்டும்.

ஹீட்டர் இல்லாத வண்டிகளுக்கு, லைட்டர் துளையில் செருகும் சிறிய 12 வோல்ட் ஹீட்டர்கள் விற்கப்படுகின்றன. இவற்றில் கவனம் தேவை. 150 வாட் ஹீட்டர் என்றால் 12.5 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் துளை பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியருக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். அதன் எல்லையிலேயே அது ஓடுகிறது. தளர்ந்த துளையில் செருகி மணிக்கணக்கில் ஓடவிட்டால் செருகி உருகும். 150 வாட் சூடு கேபினுக்குப் பெரிதாகப் பயன்படவும் செய்யாது.

மின்வாடை வந்து பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் நெகடிவ், அதாவது வண்டி உடம்போடு சேரும் கறுப்பு ஒயரைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் ஹீட்டர் வேறு விதம், உயர் மின்னழுத்தத்தில் ஓடக்கூடியது. வாடை வந்தால் நீங்கள் எதையும் கழற்றாமல் சர்வீஸ் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

இனிப்பு வாடை: கூலன்டைக் கவனியுங்கள்

இனிப்பு வாடையோடு, முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான ஆவி படிந்தால், கால்பக்கத் தரைவிரிப்பு நனைந்திருந்தால், டப்பாவில் கூலன்ட் அளவு இறங்கிக்கொண்டே போனால், குட்டி ரேடியேட்டரோ அதன் ஹோஸோ கசிகிறது. வெப்பமானி முள் மேலே ஏறியிருக்க, ஹீட்டரில் மட்டும் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிதண்ணீர் முகத்தில் பீச்சும்.

கூலன்ட் குறைகிறதே என்று தினமும் வெறும் தண்ணீர் ஊற்றுவது மலையில் இரட்டை ஆபத்து. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். உறைபனி விழும் இரவில் அது குழாயையும் ரேடியேட்டரையும் வெடிக்கச் செய்யலாம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, துருவும் பிடிக்காது.

இன்னொன்று. கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றுக்குட்டியும் நக்கும். அது கடும் விஷம். வடித்த கூலன்டைத் தொழுவத்துப் பக்கமோ ஓடையிலோ கொட்டாதீர்கள். மூடிய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் வாடை, பெல்ட் வாடை

ஆயில் மாற்றிய மறுநாள் எண்ணெய் வாடை வந்தால், ஊற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். சிறிது ஓடியதும் போய்விடும். போகாமல் இருந்தால் இன்ஜின் மேல்மூடியின் கேஸ்கெட் கசிந்து சைலன்சர் குழாய்மேல் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஆயில் அளவையும் குச்சி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

டீசல் வாடை என்றால் இன்னும் அவசரம். டீசல் குழாய், ரிட்டர்ன் குழாய், இன்ஜெக்டர் இணைப்புகளில் ஈரம் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. சூடான குழாய்மேல் டீசல் படுவதுதான் வண்டி தீப்பிடிப்பதற்கான நேர்வழி.

பெல்ட்டை இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் கையால் தொட்டுப் பாருங்கள். வெடிப்பு, பளபளப்பு, நார் பிரிதல் இருந்தால் மாற்ற வேண்டும்.

பிரேக்கும் கிளட்சும்: மலையில் உயிர்ப் பிரச்சினை

கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. இந்தப் பாதைகளில் லோடோடு இறங்கும்போது ஹீட்டர் வழியாக வரும் காரமான வாடையை "ஹீட்டர் வாடை" என்று நினைத்து ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. வாடை நின்றுவிடும்; சூடேறிய பிரேக் அப்படியே இருக்கும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங்கின் பிடிப்பு குறையும். அதற்குமேல் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் மெத்தென்று அடிவரை இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகுள்ள அளவு 140 டிகிரிதான். மழையும் மூடுபனியும் நிறைந்த மலைப்பகுதியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது.

இறங்கும்போது வாடை வந்தால்:

1. கியரைக் குறைத்து வேகத்தை அடக்கி, முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நியூட்ரலில் விடாதீர்கள், இன்ஜினை அணைத்துக்கொண்டும் இறங்காதீர்கள்.
2. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிரம் விரிசல் விடும்.
3. ஆறிய பின் பெடலை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் மட்டும் மெதுவாகக் கிளம்புங்கள். மெத்தென்று இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.
4. ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அதிகம் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டுப் பார்க்காதீர்கள், புறங்கையை அருகே கொண்டுபோனாலே தெரியும்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது என்பது மலையில் ஓட்டுபவர்களின் பழைய பாடம். இன்றைக்கும் அதற்கு மாற்று இல்லை.

ஏற்றத்தில் வாடை வந்தால் கிளட்ச். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. வளைவில் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும், பெடல் மேலேயே காலை வைத்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் காரணம். அதிக லோடும் ஒரு காரணம். பத்து மூட்டை கூடுதலாக ஏற்றி மிச்சப்படுத்தும் வாடகை ஒரு கிளட்ச் செட்டுக்கே போய்விடும்.

வாடையே இல்லாத எமன்

இதுவரை சொன்னது எல்லாம் வாடை அடிப்பவை. சைலன்சர் குழாய் ஓட்டையாகிப் புகை உள்ளே வந்தால் அதில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை வாடை லேசாக வந்து, கூடவே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் இருந்தால், அதுவும் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், உடனே நிறுத்தி வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசியுங்கள். மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மார்க்கெட் வாசலில் வரிசையில் காத்திருக்கும் இரவில், இன்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேபினில் தூங்காதீர்கள். இது வேண்டுகோள் அல்ல, எச்சரிக்கை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியும் தெரியாது, கிறுகிறுப்பும் தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். கேபினுக்குள் கரி அடுப்பு வைப்பதும் இதே அளவு ஆபத்து.

தீப்பிடித்துவிட்டால்

சாவியை அணைத்து எல்லோரும் இறங்குங்கள். மூட்டையை இறக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். புகை வரும் பானெட்டை முழுக்கத் தூக்கினால் காற்று புகுந்து தீ ஓங்கும். சிறிய தீயாக இருந்தால் மட்டும், கிடைக்கும் இடைவெளி வழியாகத் தீயணைப்பான் பவுடரைத் தீயின் அடிப்பகுதியில் பாய்ச்சுங்கள். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடங்கவில்லை என்றால் விலகி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள். சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் இருப்பது நல்லது. அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"ஏதோ வாடை வருது" என்று மட்டும் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். என்ன மாதிரி வாடை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, எந்தப் புளோயர் வேகத்தில், வெளிக்காற்றை அடைத்தால் குறைகிறதா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். நான்கு சோதனைகளையும் செய்திருந்தால் இந்தப் பதில்கள் உங்கள் கையில் இருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாடையை மறைக்க வாசனைத் திரவம் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம். எச்சரிக்கும் மணியின் நாக்கை அறுப்பதற்குச் சமம் அது.

கார்த்திகையிலேயே செய்ய வேண்டியவை

- முன்கண்ணாடி அடியிலுள்ள சல்லடையில் இலைகளை அகற்றுங்கள். கேபின் பில்ட்டரைப் பாருங்கள்.
- பானெட்டைத் திறந்து எலிக்கூடு, கடிபட்ட ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
- கூலன்ட், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள்.
- ஹீட்டரைப் பகலிலேயே ஒருமுறை, கண்ணாடிகளைத் திறந்துவைத்து முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சேர்ந்த தூசி வாடை அப்போதே போய்விடும்.
- பெல்ட், சைலன்சர், பிரேக் லைனிங்கை ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.
- மூட்டையும் தீவனமும் கேபினிலோ இன்ஜின் பக்கத்திலோ இரவில் கிடக்க வேண்டாம்.

தூசி வாடை தானாகப் போய்விடும். மற்ற எந்த வாடையும் தானாகப் போகாது. இரண்டு நாள் கழித்தும் வாடை அடித்தால், அடுத்த லோடு ஏற்றும் முன் வண்டியைக் காட்டிவிடுங்கள்.